வளர்ச்சிக்கு இரண்டு விரல்

சகலை வீட்டில் ஃப்ரிட்ஜ் வாங்கிய அன்று, இசக்கிமுத்து வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் தூக்குவாளியில் ஐஸ் கட்டி வந்தது. பாண்டி பஜாரிலிருந்து மேற்கு மாம்பலம் வந்து சேர்வதற்குள் அது தண்ணீராகிவிட்டிருந்தது.

"வெறும் தண்ணில்லா கெடக்கு" என்றாள் புஷ்பம், வாளிக்குள் எட்டிப் பார்த்து.

"குடி. சகலை வீட்டுத் தண்ணி. நம்ம குழாத்தண்ணி மாதிரியா இருக்கும்?" என்றார் இசக்கிமுத்து. அவள் அடுப்படிப் பக்கம் போனதும் அவரே ஒரு வாய் குடித்துப் பார்த்தார். ஜில்லென்றுதான் இருந்தது. அது தனி எரிச்சல்.

உடன்குடிப் பக்கம் ஒரே வீட்டில் பெண்ணெடுத்தவர்கள் இரண்டு பேரும். மூத்தவள் தங்கத்தைச் சண்முகவேல் கட்டினார், இளையவள் புஷ்பத்தை இசக்கிமுத்து கட்டினார். இரண்டு பேரும் ஏறத்தாழ ஒரே சமயத்தில்தான் தியாகராய நகருக்குப் பிழைக்க வந்தார்கள். சண்முகவேல் நகைக்கடை வைத்தார். இசக்கிமுத்து உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் ஜாக்கெட் பிட்டும் லைனிங் துணியும் விற்றார். அவர் பவுனை நிறுத்தார், இவர் துணியைக் கிழித்தார். கிழித்தவருக்கு வயிறும் சேர்ந்து கிழிந்ததில் ஆச்சரியமில்லை.

இசக்கிமுத்து கெட்டவர் இல்லை. சகலைக்குக் காய்ச்சல் என்றால் முதல் ஆளாக ஆரஞ்சுப் பழத்தோடு போய் நிற்பார். அங்கே போனதும், டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார் என்று தெரிந்து, திரும்பும் வழியெல்லாம் தனக்கு ஏன் இப்படி ஒரு காய்ச்சல் வருவதில்லை என்று நினைத்துக்கொண்டே நடப்பார். அவ்வளவுதான் அவருடைய வியாதி.

போன ஆவணியில் சகலையின் மகள் ஜெயபாரதிக்கு மயிலாப்பூரில் ஒரு சபாவில் பரதநாட்டிய அரங்கேற்றம் நடந்தபோது அந்த வியாதி முற்றியது. குருவுக்குத் தட்டு எடுத்துப் போகும் வரிசையில் இசக்கிமுத்துவையும் நிறுத்தினார்கள். பட்டு, வெள்ளி, பழம் என்று ஆளுக்கொன்று கொடுத்து வந்த தங்கம், கொழுந்தன் முறைக்காரர் ஆயிற்றே என்று உரிமையோடு அவர் கையில் ஒரு முழுப் பலாப்பழத்தை வைத்துவிட்டாள். பேப்பரில் வந்த படத்தின் ஓரத்தில் அந்தப் பலாப்பழம் தெளிவாகத் தெரிந்தது. அதைப் பிடித்திருந்த விரல்கள் இசக்கிமுத்துவுடையவை. மீதி ஆளை வெட்டிவிட்டார்கள். சகலை அந்தப் படத்தைச் சட்டம் போட்டு, கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டினார். பாண்டி பஜார் பக்கம் போகும்போதெல்லாம் இசக்கிமுத்து தன் விரல்களைப் பார்த்துவிட்டு வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கடைக்கு ஹெல்காம்மா வந்தாள்.

கிண்டியில் இன்ஜினியரிங் பாடம் நடத்த வந்திருந்த ஜெர்மன்கார வாத்தியாரின் சம்சாரம் அவள். ஆள் நெடுநெடுவென்று இருந்தாள். கையில் இளஞ்சிவப்பில் ஒரு சின்னச் செருப்பு, செருப்பு என்றால் குதிகாலில்லாத, மெத்தென்ற, உறை மாதிரியான ஒன்று. அதே நிறத்தில் நெட் துணி வேண்டும் என்றாள்.

மாட்சிங் என்றால் இசக்கிமுத்துவுக்கு வேறு உலகம். புடவையைக் கொண்டுவரும் பெண்களை, அலமாரிக்கு முன்னால் நின்று நிறம் பார்க்க அவர் விடமாட்டார். "டியூப்லைட்டு பொய் சொல்லும்" என்று வாசலுக்குக் கூட்டிப்போய், வெயிலில் பிட்டை வைத்துக் காட்டுவார். ஹெல்காம்மாவையும் வாசலுக்கு நடத்தினார். நாலாவது துணிக்கட்டிலிருந்து உருவிய நெட், செருப்போடு போய் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் கை தட்டினாள். இசக்கிமுத்துவைப் பார்த்து வாழ்நாளில் யாரும் கை தட்டியதில்லை.

"இது எதுக்கும்மா?" என்று செருப்பைக் காட்டிக் கேட்டார்.

அவளுக்குத் தமிழில் பத்து வார்த்தை தெரியும். அவருக்கு இங்கிலீஷில் மீட்டர், டபுள் வித், ஃபாஸ்ட் கலர். ஆகவே அவள் ஆடியே காட்டினாள். கல்லாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கால்விரல் நுனியில் எழும்பி, இன்னொரு கையைத் தலைக்கு மேல் வளைத்து, அசையாமல் நின்றாள். ஜாக்கெட் பிட் வாங்க வந்த பெண்கள் வாயைப் பிளந்தார்கள். கடை வாசலில் தையல் மிஷின் போட்டிருந்த வலியுல்லா மிதிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, அந்தம்மாக்கு மேல் தட்டுல இன்னாவோ எடுக்கணும் போலகீது. ஸ்டூல குடேன்."

"பாலே" என்றாள் ஹெல்காம்மா, இறங்கி நின்று. அடையாற்றில் காந்தி நகரில் தன் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதாகவும், செருப்பு காலின் நிறத்திலேயே இருக்க வேண்டும், அப்போதுதான் காலும் செருப்பும் ஒரே கோடாகத் தெரியும் என்றும் கையாலும் காலாலும் விளக்கினாள். மாட்சிங் சமாசாரம் என்பதால் இசக்கிமுத்துவுக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. இந்த ஆட்டத்தை உடன்குடியிலிருந்து வந்த எவன் மகளும் ஆடியதில்லை.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவர், கருவாட்டுக் குழம்பைக் கூடக் கவனிக்காமல் விஷயத்தை அவிழ்த்தார்.

"நம்ம மீனாட்சிய டான்ஸ்ல சேக்கப் போறேன்."

"நல்ல காரியம். அக்காட்ட சொன்னா ஜெயபாரதி வாத்தியார்ட்டயே—"

"அந்த டான்ஸ் யாருக்கு வேணும்? அதத்தான் தெருவுக்கு நாலு பிள்ளையள் ஆடுதே. இது வெள்ளைக்கார ஆட்டம். விரல் நுனியில நிக்கணும்."

"நின்னு?"

"நின்னுன்னா? நிக்கதுதான் ஆட்டம்."

புஷ்பம் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்த ஆட்டம் எனக்குத் தெரியும். பத்திரிகைல படம் போட்டிருந்தான். தொடை வரைக்கும் ஒண்ணுமே கெடையாது, குடைய விரிச்ச மாதிரி இடுப்புல ஒரு வளையம். நம்ம வீட்டுப் பிள்ள அப்படி நின்னா ஊர்ல என்ன சொல்லுவாவ?"

"நான் துணிக்கடக்காரன், கேட்டியா? கணுக்கால் வரைக்கும் பாவாடை மாதிரி தச்சுப் போடுதேன். அந்தம்மாட்ட பேசிட்டேன். முழு நீளத்துலயும் ஆடலாமாம்."

"ஒண்ணு கேக்கேன், நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. பிள்ள ஆடணுமா, அக்கா வீட்டு அத்தான் வயிறு எரியணுமா?"

"ரெண்டும் சேந்து வந்தா வேண்டாம்னா சொல்லுத?"

மீனாட்சிக்கு எட்டு வயது. முன்பல் இல்லாத வாயால் அப்பளத்தை ஓரமாகக் கடித்துக்கொண்டிருந்தவள், "ஜெயபாரதி அக்கா மாதிரி சலங்கை கட்டுவாங்களாப்பா?" என்றாள்.

"இதுல சலங்கை கெடையாது, மக்கா."

"அப்ப சத்தமே வராதா?"

"வராது."

"சத்தம் வரலன்னா நான் ஆடுறது அக்காவுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க அக்காவையும் பெரியப்பாவையும் முன் வரிசையில உக்கார வச்சிருவோம்" என்றார் இசக்கிமுத்து. அதைச் சொல்லும்போதே அவருக்குச் சாப்பாடு ருசித்தது. குழம்பை இன்னொரு முறை ஊற்றச் சொன்னார்.

சேர்க்கிற நாள் விஜயதசமி. அதில் அவர் சமரசம் செய்துகொள்ளவில்லை. பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பூ, பழம், ஹெல்காம்மாவுக்கு ஒரு சுங்குடிப் புடவை. மீனாட்சிக்குப் பட்டுப்பாவாடை, ராக்கொடி, மை. மாம்பலத்திலிருந்து பஸ்ஸில் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு போனார். கண்டக்டர், "இன்னா சார், அடையாத்துல நிச்சயமா? மாப்ள யாரு?" என்று கேட்டான்.

வாசலில் ஹெல்காம்மா நின்றதும், சொல்லிவைத்தபடி மீனாட்சி தடாலென்று அவள் காலில் விழுந்தாள். பிள்ளை மயங்கி விழுந்துவிட்டது என்று நினைத்து ஹெல்காம்மா அலறினாள். தூக்கி, கன்னத்தைத் தட்டி, உள்ளே ஓடித் தண்ணீர் கொண்டுவந்து, முகத்தில் தெளித்து, போட்டிருந்த மையெல்லாம் வழிந்து, பிள்ளை நிஜமாகவே அழ ஆரம்பித்த பிறகுதான் இசக்கிமுத்துவால் வாயைத் திறக்க முடிந்தது. "நமஸ்காரம், மேடம். ஒன்லி நமஸ்காரம்." ஹெல்காம்மா நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்தாள். தேங்காயை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டாள். அப்படித்தான் மீனாட்சி பாலேயில் சேர்ந்தாள்.

அடுத்து செருப்பு. மாதிரிக்கு ஒன்றைக் கொடுத்து, காலோடு தோல் மாதிரி ஒட்டியிருக்க வேண்டும், விரலுக்கு முன்னால் இடமே கூடாது என்று ஹெல்காம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வலியுல்லாவின் மச்சான் நூர் முஹம்மது ராயப்பேட்டையில் சினிமாக்காரர்களுக்குச் செருப்பு தைப்பவர். அவரிடம் மீனாட்சியைக் கூட்டிப்போனார் இசக்கிமுத்து.

"இந்த ரோஸ் கலர்தானே, அண்ணாத்தே?" என்றார் நூர் முஹம்மது, மாதிரியைத் திருப்பிப் பார்த்து.

"அது அந்தம்மா கால் கலரு. நமக்கு நம்ம கால் கலரு." மீனாட்சியைக் கடை வாசலுக்கு இழுத்து, வெயிலில் காலை நீட்டச் சொன்னார். தோல் துண்டுகளை ஒவ்வொன்றாக அந்தக் கருத்த காலின் மேல் வைத்துப் பார்த்தார். கருப்பட்டி நிறத்தில் ஒன்று போய் ஒட்டியது. "இது. இத வெட்டு."

"சைஸு? கரெக்டா டைட்டா வைக்கச் சொல்லிச்சாமே அந்தம்மா?"

இசக்கிமுத்து சிரித்தார். எந்த ஊரிலாவது வளர்கிற பிள்ளைக்கு அளவாகத் தைப்பார்களா? மீனாட்சியின் பாவாடைகளில் மூன்று மடிப்பு உள்ளே இருக்கும். வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடுவது புஷ்பத்தின் தீபாவளி வேலை. கடையிலும் அதைச் சொல்லித்தான் கூடக் கால் மீட்டர் விற்பார். இந்த ஒரு விஷயத்தில் ஜெர்மன்காரி என்ன, ஜெர்மனியே வந்து சொன்னாலும் அவர் கேட்பதாக இல்லை.

"வளர்ற பிள்ளை. வளர்ச்சிக்கு ரெண்டு விரல் விட்டுத் தை."

"ஆடறப்போ கயண்டுக்கும்பா."

"முன்னால பஞ்ச வச்சுக்கிடலாம். நீ தை."

முதல் நாள் அந்தச் செருப்பைப் பார்த்த ஹெல்காம்மா, நிறத்தைக் கண்டு கூடத்தை ஒரு சுற்று பார்த்தாள். மற்ற பிள்ளைகள் காலில் எல்லாம் இளஞ்சிவப்பு. பிறகு மீனாட்சியின் காலைத் தன் கையில் ஏந்தி, முழங்காலிலிருந்து விரல் வரை ஒரே கோடாக விரலால் இழுத்துக் காட்டி, "நல்லா. ரொம்ப நல்லா" என்றாள். அளவைப் பார்த்துத்தான் தலையில் கை வைத்தாள்.

மீனாட்சி ஆட்டுக்கல் மேடையைப் பிடித்துக்கொண்டு பழகினாள். புஷ்பம் மாவாட்டும்போது ஒரு பக்கம் குழவி சுற்றும், ஒரு பக்கம் மகள் கால் சுற்றும். இசக்கிமுத்து கடையில் ஜாக்கெட் பிட் கிழிக்கும்போதே சகலையின் முகம் கறுப்பதை நினைத்துப் பார்ப்பார். துணி நேராகக் கிழியும்.

மார்கழி பிறந்ததும், பிள்ளைகள் ஆடுவதைப் பெற்றோருக்குக் காட்ட ஹெல்காம்மா ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் வீட்டுக்கு அழைத்தாள். இசக்கிமுத்து சகலை வீட்டுக்கு நேரில் போய், தட்டு வைத்து அழைத்தார்.

"ஏய்யா தம்பி, வெள்ளக்காரி வீட்டுக்கா?" என்றார் சண்முகவேல். "மேடை கெடையாதா? சபா கெடையாதா?"

"இதுக்கெல்லாம் சபாவுல எடம் பத்தாது, அண்ணாச்சி" என்றார் இசக்கிமுத்து. தன் வாயிலிருந்தா அது வந்தது என்று அவருக்கே பெருமையாக இருந்தது.

சண்முகவேல் குடும்பம் அம்பாசடரில் வந்து இறங்கியது. வேண்டிக்கொண்டபடியே முன் வரிசை. சண்முகவேல், தங்கம், அந்தண்டை ஜெயபாரதி. ஜெயபாரதிக்குப் பதினேழு முடிந்திருந்தது. காஞ்சிப் பட்டில் ஆள் பெரிய மனுஷி மாதிரி இருந்தாள். இசக்கிமுத்து வேண்டுமென்றே பக்கவாட்டில் உட்கார்ந்தார். ஆட்டத்தைப் பார்க்க அல்ல, சகலை முகத்தைப் பார்க்க.

ஹெல்காம்மா பியானோவில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். கணுக்கால் வரை நெட் பாவாடையில் மீனாட்சி ஒருத்திதான் முழுசாக உடுத்தியிருந்தாள். கை வளைந்தது, கால் நீண்டது, நுனிவிரலில் எழும்பி நின்றாள். சகலையின் புருவம் ஏறியது. இசக்கிமுத்துவின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

பிறகு ஒரு துள்ளல் வந்தது. மீனாட்சி எகிறினாள். அவளோடு சேர்ந்து எகிறிய வலது கால் செருப்பு, அவளோடு சேர்ந்து இறங்கவில்லை. பஞ்சு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கமாகப் பறந்து, ஜெயபாரதியின் காலடியில் வந்து விழுந்தது.

"என்ன தம்பி!" சண்முகவேல் கூடமே அதிரச் சிரித்தார். "துணிக்கடையோட செருப்புக்கடையும் போட்டாச்சா? ஆள் பிடிக்க வீசுதீரா?"

இசக்கிமுத்துவுக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. ஆனால் மீனாட்சி நிற்கவில்லை. ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறுமையுமாக, பொக்கை வாய் தெரியச் சிரித்துக்கொண்டே ஆடினாள். சகலையைப் பார்க்க முடியாமல் இசக்கிமுத்து அந்தப் பக்கம் திரும்பினார். அங்கே ஜெயபாரதி இருந்தாள்.

அவள் சிரிக்கவில்லை. செருப்பைக் குனிந்து எடுத்திருந்தாள், கொடுக்கவில்லை. அதற்குள் விரல்களை விட்டு மடியில் வைத்துக்கொண்டு, மீனாட்சியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மடிந்து, மூக்கு விடைத்து, கண் ஓரத்தில் ஒரு சுருக்கம். அந்த முகத்தை இசக்கிமுத்துவுக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம்.

சகலை மகள் என் மகளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள். ஒரு கணம் அது கற்கண்டாக நாக்கில் கரைந்தது. இவ்வளவு நாள் இதற்குத்தானே? அடுத்த கணம் ஏனோ விழுங்க முடியவில்லை. அந்த முகம் உள்ளே எவ்வளவு எரியும் என்று அவரைவிடத் தெரிந்தவர் அந்தக் கூடத்தில் யாரும் இல்லை.

ஆட்டம் முடிந்து, எல்லோரும் கேக்கோடு தோட்டத்தில் நின்றபோது ஜெயபாரதி அவரிடம் வந்தாள். செருப்பு இன்னும் அவள் கையில் இருந்தது.

"சித்தப்பா, இவங்க பெரியவங்களுக்குச் சொல்லித் தர மாட்டாங்க, இல்ல?"

"ஏன் பிள்ள? நீதான் அரங்கேத்தமே பண்ணுனவளாச்சே!"

"அதோட முடிஞ்சுதே." சாதாரணமாகச் சொல்லப் பார்த்தாள். "தூத்துக்குடியிலருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டுப் போனாங்க இல்ல, அரங்கேற்றம் ஆன பொண்ணுன்னா அவங்களுக்குப் பெருமைதானாம். இனிமே ஆடினாதான் கேவலமாம். சலங்கைய அம்மா பீரோல வச்சுப் பூட்டிட்டாங்க. வைகாசியில கல்யாணம்." செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல சத்தமே இல்ல, சித்தப்பா. ஆடினா பக்கத்து ரூமுக்குக்கூடக் கேக்காது. அதான் கேட்டேன். சும்மா."

பேப்பரில் வந்த அந்தப் படம் இசக்கிமுத்துவுக்கு நினைவு வந்தது. அதில் நடுவில் நின்றவளை அவர் ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை. ஓரத்துப் பலாப்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பாண்டி பஜாரில் சகலை வீட்டுக்குப் போனார். சண்முகவேல் ஃப்ரிட்ஜிலிருந்து கோல்ட் ஸ்பாட் எடுத்துக் கொடுத்தார். எடுக்கும்போது கதவைக் கொஞ்சம் அதிக நேரம் திறந்து வைத்திருந்தார்.

"ஒரு ஒத்தாசை வேணும், அண்ணாச்சி. சனிக்கெழமை கடைய விட்டுட்டு என்னால அடையாறு போவ முடியல. புஷ்பத்துக்கு இங்கிலீஷும் வராது, பஸ்ஸும் தெரியாது. நம்ம ஜெயபாரதிய தொணைக்கு அனுப்புனா..."

சண்முகவேல் சாய்ந்து உட்கார்ந்தார். "நேத்து பாத்தனே, ஒத்தச் செருப்பு டான்ஸ்."

"ஆமா."

"விரல்ல நிக்கதும் விழுறதும். அதுக்கு எம்பிள்ளை தொணையா?"

"அது கூட இருந்தாத்தான் எம்பிள்ளைக்கு ஏதாவது வரும்."

"அப்ப வெள்ளக்காரி கத்துக்குடுத்தது போதல. நம்ம ஜெயபாரதி இல்லன்னா உம்ம மகளுக்கு நிக்கக்கூடத் தெரியாது. அப்படித்தானே? வாயத் தெறந்து சொல்லும்."

தங்கம் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே ஜன்னல் பக்கம் ஒரு நிழல் அசையாமல் நின்றது. ஹெல்காம்மா மீனாட்சியின் காலை ஏந்திக்கொண்டு 'ரொம்ப நல்லா' என்று சொன்னது இசக்கிமுத்துவின் நாக்கு நுனி வரை வந்தது. கோல்ட் ஸ்பாட்டை ஒரு மடக்கு குடித்து அதை உள்ளே தள்ளினார்.

"ஆமா, அண்ணாச்சி" என்றார். "தெரியாது."

"அப்படிச் சொல்லும்!" சண்முகவேல் தொடையில் தட்டினார். "ஏட்டி ஜெயபாரதி! இனிமே சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை சித்தப்பா மவளக் கூட்டிட்டுப் போவணும், என்ன? பாவம், தெரியாதாம்!" காரையும் அனுப்புவதாகச் சொன்னார். அந்த வாரம் முழுக்கக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். அது ஒவ்வொன்றும் இசக்கிமுத்துவின் காதுக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு தடவையும் வயிறு எரிந்தது. அந்த வியாதிக்கு மருந்து இல்லை.

அந்த எரிச்சலோடேயே ஒரு மத்தியானம் ராயப்பேட்டைக்கு பஸ் ஏறினார். கையில், கேக் சாப்பிட்ட அன்று வெறுங்காலோடு நின்ற ஜெயபாரதி தோட்டத்துச் செம்மண்ணில் பதித்த தடத்தின் மேல் யாரும் பார்க்காமல் பரப்பி அளவெடுத்த, அவர் சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் லைனிங் துணி.

"இன்னாண்ணாத்தே, பாப்பாக்கு வேற சைஸா?" என்றார் நூர் முஹம்மது.

"பாப்பாவுக்கு ஒண்ணு, அளவா. இது வேற ஆளுக்கு."

"ஆளக் கூட்டிக்கினு வரலியே, கலரு?"

இசக்கிமுத்து தோல் கட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் வெயிலுக்குப் போனார். ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். செருப்பைத் திருப்பிக்கொண்டிருந்த அந்தக் கைகளை நினைவில் நிறுத்தி, கோதுமை நிறத்தில் ஒன்றை உருவிக் கொடுத்தார்.

நூர் முஹம்மது துணியைத் தோலின் மேல் பரப்பி, சுண்ணாம்புக் கட்டியை எடுத்தார். வெட்டுவதற்கு முன் கடைசியாகக் கேட்கிற கேள்வியைப் பழக்கத்தில் கேட்டார்.

"வளர்ச்சிக்கு எவ்ளோ வுடணும்?"

இசக்கிமுத்து கையை நீட்டினார். இரண்டு விரல் தானாக நீண்டது. அதைப் பார்த்தார். பிறகு மடக்கிக்கொண்டார்.

"விட வேண்டாம்" என்றார். "இன்னைக்கு இருக்க காலுக்குச் சரியாத் தை. வைகாசிக்குள்ள தேஞ்சிரணும்."